பக்கத்தில் இருந்தவரின் உற்சாகம் நம்மைத் தொற்றிக்கொண்ட தருணங்கள்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை மடக்கச் சொன்னாலே உயிர் போகும். அதைவிட மோசமாக இருந்தது என் முகம். வீட்டில் பேச்சுக் கொடுக்கவே யோசித்தார்கள். அங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக இயங்காது. காலைத் தூக்கி இறக்கிப் பத்து வரை எண்ண வேண்டும் என்பது அவருக்கான பயிற்சி. அவர் எண்ணுவது இப்படி: "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, எட்டு, பத்து! முடிஞ்சுதும்மா."

பயிற்சி தரும் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பார்: "பாட்டி, மூணும் நாலும் எங்க போச்சு?"

"அதுங்க ரெண்டுக்கும் இன்னிக்கு லீவு."

இருவரும் சிரித்து முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். இரண்டாவது முறை பாட்டி ஒரு எண்கூட விடமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணோரம் ஈரத்தோடு, பத்தையும் செய்து முடிப்பார். வலி தெரியாமல் சிரித்தவர் இல்லை அவர்.

நான் இங்கே எழுத வந்ததே ஒரு விஷயத்துக்காகத்தான். அந்தப் பாட்டி ஒரு நாளும் என்னிடம் "தைரியமா இரு" என்று சொன்னதில்லை. என்னைச் சிரிக்க வைக்க முயன்றதும் இல்லை. அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்தார், நான் பக்கத்தில் கிடந்தேன், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச காலத்தில், அவர் வரும் நேரத்துக்கே என் நேரத்தையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வலி அப்படியேதான் இருந்தது. அதன்மேல் இருந்த எரிச்சல்தான் போயிருந்தது. இப்படி யாராவது உங்களுக்கும் வாய்த்திருப்பார்கள், எழுதுங்களேன்.

---

எனக்கு வாய்த்தவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. வாடிக்கையாளர் சேவை அழைப்புகளை எடுக்கும் வேலை என்னுடையது. பயிற்சியில் முதல் பாடமே "சிரிச்சுக்கிட்டே பேசு, குரல்ல தெரியும்" என்பதுதான். உண்மைதான், சிரிக்கும்போது உதடு விரிவதால் குரலின் ஒலியே மாறுகிறது, முகம் பார்க்காதவருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஷிஃப்ட் முழுக்க அப்படி வரவழைத்த சிரிப்போடு பேசிவிட்டு வந்தால் வீட்டில் சிரிக்கத் தெம்பு இருக்காது. விமானப் பணியாளர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட், சம்பளத்துக்காக இப்படி முகத்தையும் மனதையும் வளைப்பதை 'உணர்ச்சி உழைப்பு' என்று 1983-இலேயே விளக்கி எழுதிவிட்டார். அதனால் "எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரியவர் அழைத்தார். இணைய இணைப்பு வேலை செய்யவில்லை, அதே புகாரை ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறார், இரண்டு முறையும் அழைப்பு நடுவில் துண்டாகிவிட்டது. கோபப்பட முழு உரிமை உள்ளவர். அந்த நேரம் பார்த்து என் கணினியும் தொங்கிவிட்டது. கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "தாராளமா போடும்மா. உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு, போன ரெண்டு தடவையும் முழுசா கேக்க விடல" என்றார். ஒலியை அணைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்து வந்த அழைப்பில் ஒருவர் கத்து கத்தென்று கத்தினார். அவருக்கும் நிதானமாகப் பதில் சொல்ல முடிந்தது. வழக்கமாக அப்படி ஒரு அழைப்பு வந்தால் அதற்கப்புறம் வரும் பத்துப் பேரிடம் என் குரல் கறாராகத்தான் இருக்கும்.

---

அனுபவம் எழுதும் இடத்தில் புள்ளிவிவரத்தோடு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் அப்படி. ஜேம்ஸ் ஃபௌலர், நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ் இருவரும் 2008-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க ஊர் ஒன்றின் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வில் இருந்த 4,739 பேரின் 1983 முதல் 2003 வரையிலான தகவல்களை எடுத்து, மகிழ்ச்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறதா என்று பார்த்தார்கள். ஒரு மைல் தூரத்துக்குள் வசிக்கும் நண்பர் மகிழ்ச்சியானால் நாம் மகிழ்ச்சியாக இருக்கும் வாய்ப்பு 25% கூடுகிறதாம். அடுத்த வீட்டுக்காரர் என்றால் 34%. கூடவே வாழும் கணவன் அல்லது மனைவி என்றால் வெறும் 8%! (இதை வீட்டில் சொல்லவில்லை.)

இந்த எண்களை அப்படியே நம்ப நான் தயாரில்லை. ஒரே மாதிரி மனநிலை உள்ளவர்கள்தான் நண்பர்களாகவே ஆகிறார்கள். ஒரே சூழலில் வாழ்பவர்களுக்கு நல்லது கெட்டது சேர்ந்தே வரும். இதையும் தொற்றிக்கொள்வதையும் பிரிப்பது கடினம் என்று விமர்சகர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று கவனத்தில் நின்றது. தூரம் கூடக் கூட விளைவு குறைகிறது, சக ஊழியர்களிடையே அது தென்படவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் காலைதோறும் குழுவில் வரும் உற்சாக வாசகங்களால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டே ஏறும் அடுத்த வீட்டுக்காரரால் ஏதோ ஆகிறது.

---

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்பா இறந்த புதிதில் கலகலப்பான ஆட்களைக் கண்டாலே ஒதுங்கிப் போனேன். என்னைத் தேற்றவென்றே சிரித்துப் பேசியவர்களிடம் இன்னும் இறுகிப்போனேன். ஒரு தோழி மட்டும் வந்து உட்கார்ந்து, நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதை எல்லாம் கேட்டாள். வெகுநேரம் கழித்து, அப்பா என் அண்ணனின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடும் பழக்கத்தை அவளாக நினைவுபடுத்திச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். வந்ததும் வராததுமாக அதைச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

---

என்னுடையது சின்னது. ரயிலில் எதிர் இருக்கையில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், அது விக்கல் மாதிரி வெடித்தது. முதலில் ஒரு குழந்தை சிரித்தது, பிறகு அதன் அம்மா, அப்புறம் எங்கள் வரிசை முழுக்க. என்ன விஷயம் என்று கேட்டோம். அவரால் பதில் சொல்ல முடியவில்லை, கையால் சைகைதான் காட்டினார். அதற்கு இன்னொரு சுற்று. நான் வேலை போகுமோ என்ற கவலையோடு ஏறியிருந்தேன். கவலை எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் அது பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தது.

சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் சொன்னது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது: தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள், பெரும்பாலான சிரிப்புக்கு முன்னால் வருவது நகைச்சுவையே அல்ல, சாதாரணப் பேச்சுதான். தனியாக உட்கார்ந்து நகைச்சுவைக் காட்சியாகப் போட்டுப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை என்று முன்பெல்லாம் என்மேலேயே எனக்குச் சந்தேகம் வரும். இப்போது அதையே தங்கையோடு போனில் பேசிக்கொண்டே பார்க்கிறேன். காட்சிக்கு அல்ல, அவள் சிரிக்கிற சத்தத்துக்குத்தான் பாதி நேரம் சிரிப்பு வருகிறது.