மேட்ச் ஓடும்போது போட்ட லிமிட் ஆர்டர், என் அணி தோற்கும் நேரத்தில் மட்டும் நிறைவேறுகிறது. ஏன்?

கேள்வி:
அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே ஒரு கணிப்புச் சந்தைத் தளத்தில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (இரு அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்) மேட்ச்களுக்கு காண்ட்ராக்ட் வாங்குகிறேன். அணி ஜெயித்தால் 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. ஸ்ட்ரீம் பார்த்துக்கொண்டே, விலை 60 சென்டில் இருந்தால் 55-க்கு லிமிட் ஆர்டர், அதாவது அதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்ற ஆர்டர், போட்டு வைக்கிறேன். ரொம்ப நேரம் அப்படியே கிடக்கும். திடீரென்று நிறைவேறும். சில நொடிகள் கழித்துப் பார்த்தால், ஸ்ட்ரீமில் என் அணி ஒரு முக்கியமான ரவுண்டைக் கோட்டை விடுகிறது, விலை 48-க்குப் போய்விடுகிறது. தளத்தில் கோளாறா, என் ஆர்டரை யாராவது குறிவைக்கிறார்களா?

பதில் 1:
கோளாறு இல்லை நண்பரே. நீங்கள் பார்ப்பது முடிந்துபோன ரவுண்டு. ட்விட்ச், யூடியூப் ஒளிபரப்பு எப்போதும் சில நொடிகள் பின்தங்கியே வரும். எதிரணி நிற்கும் இடத்தை ஸ்ட்ரீமில் பார்த்துவிடக் கூடாது என்று போட்டி நடத்துபவர்கள் கூடுதல் தாமதமும் சேர்ப்பதுண்டு. நேரடித் தரவைக் காசு கொடுத்து வாங்குபவருக்கும் அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தத் தாமதம் கிடையாது.

இப்போது உங்கள் 55-ஐப் பாருங்கள். உங்கள் அணி ரவுண்டை ஜெயித்திருந்தால் யாரும் 55-க்கு விற்க மாட்டார்கள். தோற்றது தெரிந்தவர்தான் விற்பார். அதாவது, ஆர்டர் நிறைவேறுவதே கெட்ட செய்தி. உங்களை யாரும் குறிவைக்கத் தேவையில்லை, பழைய விலையில் கிடக்கும் எந்த ஆர்டருக்கும் இதுதான் கதி.

மேட்ச் தொடங்கும் முன் கிடக்கும் ஆர்டர்களை எல்லாம் ரத்து செய்யுங்கள். காலாவதி நேரம் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது, அட்டவணை அடிக்கடி தள்ளிப்போகும்.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. அப்படியானால் தொடரின் இரண்டு மேப்களுக்கு (ஒவ்வொரு களத்திலும் ஆடும் ஆட்டத்துக்கு) நடுவில் வாங்கலாமா? அப்போது எல்லோருக்கும் ஒரே தகவல்தானே?

பதில் 1:
அதுதான் நல்ல நேரம். ஆனால் சரியான விலையை முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். இரண்டு மேப்பை முதலில் ஜெயிப்பவர் வெல்லும் மூன்று மேப் தொடரில், ஒவ்வொரு மேப்பையும் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்புள்ள அணிக்குத் தொடரை வெல்லும் வாய்ப்பு சுமார் 65. முதல் மேப்பை ஜெயித்தால் 84, தோற்றால் 36. ஜெயித்தால் 1 டாலர் என்பதால் அந்தச் சதவீதமே சென்டில் சரியான விலை. தோற்றபின் சந்தை 30-க்கு விற்றால் யோசிக்கலாம், 42-க்கு விற்றால் விட்டுவிடுங்கள். கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள். சில தளங்களில் 50 சென்ட் அருகே வாங்கினால் கட்டணம் மிக அதிகம்.

பதில் 2:
கணக்கு சரி, ஆனால் எல்லா மேப்புக்கும் ஒரே 60 போடுவதை நான் ஏற்க மாட்டேன். ஏழு மேப்களில் இரு அணிகளும் ஆளுக்கு ஒன்றை நீக்கி, ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மறுபடியும் ஆளுக்கு ஒன்றை நீக்கினால் மிஞ்சுவதுதான் மூன்றாவது மேப். உங்கள் அணி எதிரணி தேர்ந்த மேப்பில் தோற்றிருந்தால், அடுத்து வருவது சொந்தத் தேர்வு. அப்போது உண்மையான வாய்ப்பு 36-ஐவிட அதிகம். தான் தேர்ந்த மேப்பிலேயே தோற்றிருந்தால் 36-ஐவிடக் குறைவு. வீட்டோ என்கிற இந்த நீக்கல்-தேர்வின் முடிவைப் பார்க்காமல் தொடருக்கு விலை சொல்லவே கூடாது.

இன்னொன்று. திரையில் பெரிதாகத் தெரியும் விலையை நம்பி, கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள். சிறிய போட்டிகளில் அந்த விலைக்கு ஐம்பது காண்ட்ராக்ட்கூட இருக்காது, மீதி மேல் விலையில் வாங்கப்பட்டுவிடும். ஆர்டர் புக்கைத் (காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) திறந்து ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

பதில் 3:
சென்னையில் இருந்து இதைச் செய்யலாமா அண்ணா?

பதில் 2:
வேண்டாம் தம்பி. 2025-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமில்லை. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது இப்படிப்பட்ட வீடியோ கேம் போட்டிகளை, அங்கீகரிக்கிறது. ஆகவே போட்டியில் ஆடலாம், பரிசு வாங்கலாம், முடிவின் மேல் பணம் வைக்க முடியாது. விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்தில் நுழைந்தால், கணக்கு முடங்கும் நாளில் பணத்தைக் கேட்க உங்களுக்கு ஒரு வழியும் இருக்காது. விலை நகர்வதைப் பார்த்து, காகிதத்தில் கணக்கு எழுதிப் பழகுங்கள்.