பூனை ஒளிந்துகொள்கிறது, வாந்தி எடுக்கிறது: தீனி மாற்றியதாலா?

கேள்வி:
கருத்தடை செய்த 4 வயதுக் கடுவன் (ஆண்) பூனை. நேற்று மாலையிலிருந்து கட்டிலுக்கடியை விட்டு வரவில்லை, தொட்டால் சீறுகிறது. 3 முறை மஞ்சள் நுரையாக வாந்தி. அடிக்கடி மணல் தட்டில் ஏறி முக்கிவிட்டு ஒன்றும் போகாமல் இறங்குகிறது. போன வாரம் உலர்தீனியை ஒரே நாளில் மாற்றினோம். மலச்சிக்கல்தானே? மலமிளக்கி கொடுக்கலாமா?

பதில் 1:
இப்போதைக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கடுவன் முக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூத்திரத்தை. இரண்டுக்கும் உட்காரும் தோரணை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் பலர் மலச்சிக்கல் என்று ஏமாறுகிறார்கள். கடுவனுக்கு மூத்திரக்குழாய் மிகக் குறுகல். படிகமும் சளியும் சேர்ந்தால் அடைத்துவிடும். அடைத்தால் கழிவு ரத்தத்திலேயே தங்கி வாந்தி வரும், பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும். 24 முதல் 48 மணி நேரத்தில் உயிரே போகலாம்.

மணலைக் கிளறிப் பாருங்கள். நேற்று இரவிலிருந்து எத்தனை ஈரக்கட்டி (மூத்திரம் பட்டு மணல் திரண்ட கட்டி)? குறியை ஓயாமல் நக்குகிறதா? அடிவயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம், நிரம்பிய நீர்ப்பை கிழிந்துவிடும்.

பதில் 2:
மூத்திரம் தாராளமாகப் போகிறது என்றால் மட்டும் வயிற்றைப் பற்றி யோசியுங்கள். வாயைத் திறந்து நாக்கின் அடியில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இழுக்கவே கூடாது; நாடா இழுத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கி அறுந்துபோகும். ஆசனவாயில் நூல் தொங்கினாலும் அப்படியே விட்டு மருத்துவரிடம் போங்கள்.

தீனியைத் திடீரென்று மாற்றினால் பெரும்பாலும் கழிச்சல்தான் வரும், முக்கல் அல்ல. இனி மாற்றும்போது கால், அரை, முக்கால் என்று கலந்து 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு ஆறட்டும் என்று பட்டினி போடாதீர்கள்: சில நாள் சாப்பிடாத பூனைக்கு, குண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக, ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். பாராசிட்டமால் கொஞ்சம்கூடக் கூடாது, பூனைக்கு அது விஷம்.

பதில் 3:
சீறுவதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பாவம், அது வலி. பூனை வலியைக் கத்திச் சொல்லாது; ஒதுங்கிக்கொள்ளும், தொடவிடாது.

கேட்டவர்:
மணலில் ஒரு கட்டிகூட இல்லை. உடனே மருத்துவரிடம் கிளம்புகிறோம்.

பதில் 1:
கடைசி ஈரக்கட்டியை எப்போது பார்த்தீர்கள் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அடைப்பை எடுத்தபிறகு முதல் சில நாளில் மறுபடி அடைப்பது சகஜம். வீட்டுக்கு வந்ததும் தினமும் கட்டிகளை எண்ணிக் குறித்து வையுங்கள், ஈரத்தீனிக்கு மாற்றுவதை அவரிடமே கேளுங்கள்.