சிக்கமட்சுவா, மொன்சாயெமொன்னா: அந்தப் பகுதிக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

நாடகப் பாடத்துக்கான மொழிபெயர்ப்பை வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் ஜப்பானியப் பொம்மலாட்ட நாடகாசிரியர் ஒருவருக்கு முதல் தடவை மட்டும் சிக்கமட்சு மொன்சாயெமொன் என்று முழுப்பெயர் வருகிறது. அப்புறம் எல்லா வாக்கியத்திலும் வெறும் சிக்கமட்சு. 'குடும்பப்பெயரால் குறிக்கப்படுகிறார்' என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டேன். தப்பு. 1653இல் அவர் பிறந்தது சுகிமோரி குடும்பத்தில். சிக்கமட்சு என்பது எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பெயரின் முன்பாதி. இப்படி வாக்கியத்தில் தனியாக நின்று ஆளைக் குறிக்கும் பகுதிக்கு ஒரு சொல் வேண்டும். சுட்டுப்பெயர் சரியா?

– க.

> சுட்டுப்பெயர் சரியா?

ஆகாது அம்மா. அவன், இவன், அது, இது எல்லாம் தொல்காப்பியர் காலத்திலிருந்தே அந்தப் பெயரில் குடியிருக்கின்றன. காலி செய்யச் சொல்ல முடியாது. 'நிலைபெயர்' என்று வையுங்கள். நிலைத்த பெயர்; அழகான வினைத்தொகை.

இன்னொன்று. சிலர் 'சிக்கமாத்சு' என்று எழுதுகிறார்கள். தகர மெய்யின் பின் தகரம்தான் வரும். டகர மெய்யின் பின் க, ச, ப வரலாம். காட்சி, ஆட்சி இல்லையா? ஆகவே நீங்கள் எழுதிய 'ட்சு'தான் இலக்கணம். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ சொன்னது சும்மாவா! 'மட்சு' என்றால் பைன் மரம். இதைத் தமிழ் வேர் ஒன்றோடு...

– புலவர்

ஐயா, மரத்தை அப்புறம் வெட்டலாம். ஓனோவின் கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'நிலைபெயர்' என்று படித்ததும் எனக்கு 'நிலைபெயர்ந்தான்' தான் நினைவுக்கு வந்தது. நிலைத்திருப்பதற்கு நேர் எதிர்! மாணவர்கள் குழம்புவார்கள்.

முன்பாதிதான் நிற்கும் என்று விதியும் இல்லை. ஹைக்கூ கவிஞர் மட்சுவோ பாஷோவை எல்லாரும் பாஷோ என்கிறார்கள்; அது பின்பாதி, புனைபெயர். நோ என்ற ஜப்பானிய நாடக வகையின் செயாமி மொட்டோகியோவுக்கு மொட்டோகியோதான் இயற்பெயர், ஆனால் ஆங்கில வாக்கியங்களில் நிற்பது செயாமி. நம் பாரதியும் அப்படித்தான். எட்டயபுரத்தில் கிடைத்த பட்டம் நின்றது, சுப்பிரமணியன் பின்னால் போய்விட்டார்.

– ம.

பட்டம் என்றதும் தொல்காப்பியத்தின் கிளவியாக்க நூற்பா ஞாபகம் வருகிறது: 'சிறப்பி னாகிய பெயர்நிலைக் கிளவிக்கும் இயற்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்.' சிறப்புப்பெயர் முன்னே, இயற்பெயர் பின்னே. ஏனாதி நல்லுதடன் என்பது உரையில் வரும் காட்டு. ஆனால் இரண்டில் எதை விட்டால் ஆள் தெரிவார் என்று நூற்பா சொல்லவில்லை. ஆகவே 'சிறப்புப்பெயர்' என்றும் எழுத முடியாது. பாரதிக்குச் சரி, சிக்கமட்சு பட்டமில்லையே.

– வ.

தனியாக நின்றாலே ஆள் தெரிந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மொன்சாயெமொன் இறந்த அதே 1725இல் பிறந்த ஹஞ்சியும் பொம்மலாட்ட நாடகாசிரியர்தான். பெரியவர் மேலிருந்த மதிப்பால் தன்னையும் சிக்கமட்சு ஹஞ்சி என்று வைத்துக்கொண்டார், நம் பாரதிதாசன் மாதிரி. 1703இல் வந்த சோனெசாக்கி காதல் தற்கொலை நாடகத்தைப் பற்றிப் பேசும்போது 'சிக்கமட்சு' போதும். ஹஞ்சியும் அதே பத்தியில் வந்தால் போதாது. அந்த இடத்தில் முழுப்பெயரைப் போட்டுவிடுங்கள். சொல்லைப் பொறுத்தவரை 'வழங்குபெயர்' என் ஓட்டு. வழக்குப்பெயர் வேண்டாம், நீதிமன்றம் வந்துவிடும்.

– ம.

வழங்குபெயர் எல்லாப் பெயருக்கும் பொருந்துமே! வழங்காத பெயர் ஏது? 'தனிநிற்பெயர்' எப்படி?

– புலவர்

ஐயா, அதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

– வ.

எல்லாருக்கும் நன்றி. நாலு பேரில் மூன்று பேர் என்பதால் 'வழங்குபெயர்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பில் 'குடும்பப்பெயர்' போய், 'புனைபெயரின் முன்பாதி' வந்திருக்கிறது. ஹஞ்சி வரும் பத்தியில் இருவருக்கும் முழுப்பெயர்.

– க.

பதிவுக்காக: எனக்கு உடன்பாடில்லை. பைன் மரம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

– புலவர்