ஐராக் இல்லாத நாதாம் விழா: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் குடியை விட்டவர்களின் குழுவோடு, ஜூலை 11 முதல் 13 வரையிலான நாதாம் என்ற தேசிய விழாவையொட்டி ஒரு கூடுகை நடத்துகிறோம். குடிக்காமல் 30 நாள், 90 நாள், ஓராண்டு முடித்தவர்களுக்கு நினைவு வில்லையோடு நீல ஹதக் பட்டுத்துணியையும் இரு கைகளில் ஏந்திக் கொடுப்போம்.

சிக்கல் விழாவில் நீட்டும் ஐராக் கிண்ணத்தில்தான். ஐராக் வெறும் புளித்த குதிரைப்பால் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் சுமார் 2 சதவீதம் ஆல்கஹால் உண்டு. மோதிர விரலை நனைத்து வானத்தை நோக்கித் தெளித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தருவது மங்கோலியாவில் மரியாதைக் குறைவில்லை. ஆனால் புதிதாக விட்டவருக்கு வாசனையே ஆபத்து. ஆகவே ஐராக் பந்திக்கே வராது.

பதிலுக்கு உப்புப் பால்தேநீர், சூத்தே சாய். 20 பேருக்கு 5 லிட்டர் தண்ணீர், 3 லிட்டர் பால். தேயிலை கொதித்தபின் பால் ஊற்றி, கரண்டியால் தூக்கித் தூக்கி ஆற்ற வேண்டும். உப்பு கடைசியில், ருசி பார்த்துத்தான். முன்பே அள்ளிப் போட்டால் சுண்டச் சுண்டக் கரிக்கும்.

கேட்க வேண்டியது இரண்டு. நான்கு மணி நேரம் பாலாடை படியாமல் இதைச் சூடாக வைப்பது எப்படி? சகான் சார் புத்தாண்டில் வீடு வீடாகப் போகும்போது, வோட்கா நீட்டும் பெரியவர் மனம் நோகாமல் மறுக்க என்ன சொல்லலாம்? மங்கோலியாவில் இருந்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.