பைபர் படகின் பின்பக்க ஏணி ஆடுகிறது: வெல்டிங் வைப்பதா, புதிதாக மாற்றுவதா?

தெற்கலை (கேள்வி)

வணக்கம். புதுச்சேரியில் ஸ்கூபா முக்குளிப்பவர்களைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் 28 அடி பைபர் படகு ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பில் உள்ளது. அதன் பின்சுவரில் பொருத்தியிருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏணி, சென்ற பருவத்தின் இறுதியிலிருந்து ஆடுகிறது. சிலிண்டரோடு ஒருவர் ஏறும்போது, மேல் கீல் இருக்கும் இடத்தில் பின்சுவர் லேசாக அசைவதைக் கையை வைத்தாலே உணர முடிகிறது. மூன்றாவது படி குழாயோடு சேரும் வெல்டிங்கை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசலும், அதிலிருந்து வழிந்த பழுப்புக் கறையும் தெரிகின்றன. ஏணியின் அடிப்பகுதி படகில் முட்டி நிற்பதற்காக வைத்திருந்த இரண்டு ரப்பர் கட்டைகளில் ஒன்று எப்போதோ கழன்று விழுந்துவிட்டது.

விரிசலுக்கு வெல்டிங் வைத்து, போல்ட்டுகளை இறுக்கி, சுற்றிலும் சிலிக்கோன் பூசினால் போதும் என்கிறார்கள் பட்டறையில். உரிமையாளரோ புதிய ஏணியே வாங்கிவிடலாம் என்கிறார். வடகிழக்குப் பருவமழைக்காகப் படகைக் கரையேற்றியிருப்பதால் அவகாசம் இருக்கிறது. எந்த வழி நெடுநாள் நிற்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பைபர் பட்டறை

ஐயா, நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது விரிசல் அல்ல, சுவர் அசைகிறது என்பதுதான். ஏணியைக் குறித்து முடிவெடுப்பதற்கு முன் சுவரைச் சோதித்துவிடுங்கள். சுவர் ஊறிப்போயிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏணியும் அடுத்த பருவத்திலேயே ஆடத் தொடங்கும்.

நம் ஊர் பைபர் படகுகளில் பெரும்பாலானவற்றின் பின்சுவர் முழுக்க பைபர் அல்ல. உள்ளே ப்ளைவுட், அதன் இரு பக்கமும் பைபர் உறை என்ற அமைப்பே வழக்கம். ஏணிக்காகத் துளையிட்டு, துளையின் உட்புற ஓரத்தை ரெசினால் (பைபரை இறுகவைக்கும் பிசின்) அடைக்காமல் போல்ட்டை முடுக்கிவிட்டால், சுற்றிப் பூசிய சீலன்ட் (கசிவைத் தடுக்கும் பசை) தேய்ந்த நாளிலிருந்து தண்ணீர் நேராக ப்ளைவுட்டுக்குள் இறங்கும். ஊறிய பலகை நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும், தளர்ந்த போல்ட்டின் வழியே மேலும் தண்ணீர் புகும். இந்த நிலையில் போல்ட்டை இறுக்குவது, நசுங்கிய பலகையை இன்னும் நசுக்குவதாகவே முடியும். கழன்று விழுந்த ரப்பர் கட்டைக்கும் இதில் பங்கு உண்டு. அடியில் முட்டு இல்லாத ஏணி உள்நோக்கி ஒரு பக்கமாகச் சாயும்போது, இரண்டு கீல்களும் பகிர வேண்டிய பாரம் நெம்புகோல் போல மேல் போல்ட்டுகளைப் பிடுங்கும்.

சோதனை எளிது. சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் போல்ட்டுகளைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், ஊறிய இடத்தில் மொத்தென்று கேட்கும். பிறகு உள்பக்கத்திலிருந்து, வெளி உறையைத் தொடாமல், 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, வெளிவரும் தூளை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உதிர்ந்தால் பலகை நலமாக இருக்கிறது. கருத்து, ஈரமாக விரலில் ஒட்டினால் பலகை போய்விட்டது. போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு துளையும் போடுங்கள். ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தே வேலையின் அளவு அமையும்.

ஆர்கான் வெல்டர்

உலோகம் பற்றி நான் சொல்கிறேன். விரிசல் வெல்டிங்கின் மேல் அல்லாமல் அதை ஒட்டி ஓடுவதால், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் குரோமியம் கார்பனோடு சேர்ந்து, துருவைத் தடுக்கும் தன்மையை இழந்திருக்க வாய்ப்பு அதிகம். 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இது நடக்கும். அதனால்தான் வெல்டிங் வேலைக்குக் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாத எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கேட்டு வாங்க வேண்டும். கடலுக்கு 316எல் என்ற ரகம்தான் பொருத்தம். அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தாங்கும், 304 வகையில் அது கிடையாது. கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி நம்பச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். வாசல் கேட்டுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் போடும் 202 உட்பட இந்த மூன்று வகையுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டுவதில்லை. ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், அல்லது மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவத்தின் ஒரு சொட்டை விட்டுப் பாருங்கள்.

பழைய ஏணிக்கே வெல்டிங் வைப்பதென்றால், முதலில் குழாயின் அடியில் ஒரு துளையிட்டு உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அடைபட்ட குழாய்க்குள் தண்ணீர் இருக்கும்போது சூடேற்றினால் நீராவி குழாயையே பிளந்துவிடும், வேலை செய்பவரின் முகம் அதற்கு நேராக இருக்கும். வேலை முடிந்த பின் சாதாரண இரும்புக் கம்பி பிரஷால் தேய்க்க விடாதீர்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் துரு பூக்கும். வெல்டிங்கின் நீலக் கறையை அமிலப் பசை பூசி முழுவதும் எடுத்தால்தான் உலோகம் தன் பாதுகாப்பைத் திரும்பப் பெறும்.

ஒரு படியில் இப்படி விரிசல் கண்டுவிட்டால், அதே நாளில் அதே கம்பியால் வெல்டிங் செய்த மற்றப் படிகளையும் நான் நம்பமாட்டேன். முக்குளிப்பவர் ஏறும் ஏணி என்பதால் மாற்றிவிடுவதே நல்லது.

நீலத்துடுப்பு

மாற்றுவதாக இருந்தால் அமைப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே குழாயும் அதன் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் படிகளும் கொண்ட ஏணியில், காலில் துடுப்பை மாட்டியபடியே ஏறலாம். இரண்டு குழாய்களுக்கு நடுவே படி இருந்தால், அலையில் தொங்கிக்கொண்டே துடுப்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தரவிதி. களைத்துப்போனவர் கையால் தன்னை இழுக்காமல் காலை ஊன்றி எழுவதற்கு அந்த ஆழம் தேவைப்படுகிறது.

தெற்கலை

அனைவருக்கும் மிக்க நன்றி. பைபர் பட்டறை ஐயா சொன்னபடி துளையிட்டுப் பார்த்தேன். மேல் போல்ட்டுகளை ஒட்டி வந்த தூள் காப்பித்தூள் நிறத்தில், ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தது. ஒரு சாண் தள்ளிப் போட்ட துளையில் தூள் காய்ந்து உதிர்ந்தது. கீழ் போல்ட்டுகளின் பக்கமும் ஈரம் இல்லை. புதிய 316எல் ஏணிக்கு உரிமையாளர் சம்மதித்துவிட்டார். ஊறிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமா? ரெசின் எது?

பைபர் பட்டறை

போதும். உள் உறையை மட்டும் வெட்டி எடுங்கள், வெளி உறை அப்படியே இருக்கட்டும். கருத்த பலகையை உளியால் எடுத்துக்கொண்டே போய், நல்ல பலகை தெரிந்த பிறகும் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஈரம் தானாகக் காயாது என்பதால், மேலே தார்ப்பாய் கட்டி உள்ளே விளக்கோ மின்விசிறியோ வைத்துச் சில நாட்கள் உலரவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் மற்ற வேலை எல்லாம் வீண். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டை அளவாக வெட்டி, எபாக்சி ரெசினில் கெட்டியாக்கும் பொடி கலந்து குழைத்த பசையில் பதித்து, வெட்டிய உறையின் ஓரத்தை உறைக் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன் மேல் எபாக்சியிலேயே நெய்த பைபர் துணியை அடுக்குங்கள். பாலியெஸ்டர் ரெசினின் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே நடுவில் ரெசினை மாற்றாதீர்கள். வேறு இடங்களில் பாலியெஸ்டர் வேலை செய்யும் பையன்கள் கூட இருந்தால், அந்த ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேடலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும்.

கீழ் போல்ட்டுகளின் இடம் காய்ந்திருந்தாலும் அவற்றையும் சேர்த்தே சரிசெய்யுங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 20 மில்லிமீட்டர் துளையிட்டு, எபாக்சிப் பசையால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் 10 மில்லிமீட்டர் துளை போட்டால் இனி சீலன்ட் தேய்ந்தாலும் தண்ணீர் பலகையைத் தொடாது. துளையின் வெளி வாயைச் சிறிது சரிவாகக் குடைந்துவிட்டால் சீலன்ட் அங்கே வளையம் போல நிற்கும். சிலிக்கோன் வேண்டாம், பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள். உள்பக்கம் சாதாரண வாஷருக்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் கனமுள்ள 316 தகட்டை இரண்டு போல்ட்டுகளுக்கும் பொதுவாக வையுங்கள். அலுமினியத் தகடு மலிவு என்று வாங்கினால் ஸ்டீல் போல்ட்டைத் தொடும் இடத்தில் அது பொடிந்து போகும். இரண்டு ரப்பர் கட்டைகளையும் புதிதாகப் போடுங்கள்.

கடைசியில், படகு கரையில் இருக்கும்போதே கீழ்ப்படியில் மணல் மூட்டைகளாக 180 கிலோ தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் தகட்டின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒருவரைப் படியை அசைக்கச் சொல்லுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே எந்த அசைவும் விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் படகை இறக்கலாம்.