லெ ஓர்மே: எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கலாம்? ஃபெலோனா இத்தாலியன்லயா, ஆங்கிலத்துலயா?

தேன்சிட்டு:

எமர்சன் லேக் அண்ட் பாமர், பழைய ஜெனிசிஸ்னு பிரிட்டிஷ் ராக் குழு ரெண்டும் நல்லாவே பழக்கம். இப்போ இத்தாலிப் பக்கம் போகணும். கிட்டார் பின்னால போய், கீபோர்டு முன்னால நிக்கிற குழு எதுன்னு தேடினா லெ ஓர்மே பேர்தான் திரும்பத் திரும்ப வருது. ஆனா ஆல்பம் வரிசையைப் பார்த்தா தலை சுத்துது.

எதுல ஆரம்பிக்கிறது, எது வரைக்கும் கீபோர்டு ராஜ்யம்? 'ஃபெலோனா எ ஸொரோனா' மூணு விதமாக் கிடைக்குது: இத்தாலியன், ஆங்கிலம், அப்புறம் 2016னு போட்ட ஒண்ணு. எதைக் கேக்கணும்? அதுல ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் போன்ல ஒரு சின்ன வெட்டு விழுது. ஒலிப்பதிவே அப்படியா? அப்புறம் அந்த ஆர்கன் சத்தத்தை வீட்டுக் கீபோர்டுல கொண்டுவர என்ன செட்டிங் வைக்கணும்?

கருப்புத்தட்டு:

வரிசையை மட்டும் நான் சொல்றேன். ஃபெலோனாவைப் பத்தி இங்க இன்னும் நல்லாச் சொல்றவங்க இருக்காங்க.

வெனிஸ் பக்கத்து மார்கேராவில் 1966-ல் ஆரம்பிச்ச குழு. லெ ஓர்மேன்னா காலடித் தடங்கள். 1969-ல் வந்த 'ஆட் குளோரியம்' அந்தக் காலத்து பீட், சைக்கடெலிக் பாணி. அதை இப்போதைக்கு விடுங்க. அதுக்கு அப்புறம் குழு மூணு பேராச் சுருங்கினதுதான் நமக்கு முக்கியம்: டோனி பல்யூக்கா கீபோர்டு, ஆல்டோ தால்யாபியெத்ரா குரலும் பேஸும், மீக்கி தெய் ரோஸ்ஸி டிரம்ஸ். எலெக்ட்ரிக் கிட்டாருக்குன்னு ஆளே கிடையாது. தால்யாபியெத்ரா அங்கங்கே அக்கூஸ்டிக் கிட்டார் எடுப்பார், அவ்வளவுதான். கிட்டார் விட்டுட்டுப் போன இடம் முழுக்க ஆர்கனும் சிந்தசைசரும் வந்து உக்காந்துக்குது.

கீபோர்டு ராஜ்யம்னா இந்த நாலு ஸ்டுடியோ ஆல்பம்: 'கொலாஜ்' (1971), 'உவோமோ தி பெத்ஸா' (1972), 'ஃபெலோனா எ ஸொரோனா' (1973), 'கோன்ட்ரப்புன்டி' (1974). நாலுக்கும் பின்னால தயாரிப்பாளரா ஜான் பியெரோ ரெவெர்பெரி இருக்கார். கோன்ட்ரப்புன்டியில் அவரே பியானோவுக்கு உக்காந்துட்டார், அதனால அதை நாலு பேர் ஆல்பம்னே சொல்லலாம். பின்னாளில் ரோன்டோ வெனெத்ஸியானோங்கிற இசைக்குழுவை ஆரம்பிச்சவரும் இவர்தான்.

கொலாஜ் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு வரிகளே இல்லை. ஆர்கன் அடிச்சுக்கிட்டே வந்து நடுவுல சட்டுனு பழைய செவ்விசைக்காரர் டொமெனிகோ ஸ்கார்லாட்டியோட கே.380 சொனாட்டாவுக்குள்ள நுழைஞ்சு, திரும்ப ராக்குக்கு வந்துடும். அந்த ஒட்டுவேலைதான் பேருக்கே காரணம். அதே ஆல்பத்தில் 'செமெந்தோ அர்மாத்தோ'வைத் தவற விடாதீங்க. பேருக்கு அர்த்தம் கம்பி போட்ட கான்கிரீட். பியானோவில் அமைதியாத் தொடங்கி, ஆர்கன் தனியாவர்த்தனமாப் பெருகிப் போகும். பல்யூக்காவோட கை எப்படிப்பட்டதுன்னு தெரிய இந்த ஒரு பாட்டே போதும்.

உவோமோ தி பெத்ஸா, அதாவது துணிப்பொம்மை மனுஷன். மெலடி நிறைய, புதுசாக் கேக்கறவங்களுக்குச் சுலபம். இதுல உள்ள 'ஜியோகோ தி பிம்பா' இத்தாலியில் பெரிய ஹிட். தாலாட்டு மாதிரி இனிமையா ஓடும், ஆனா வரிகளைப் புரிஞ்சுக்கிட்டா தூக்கத்துல நடக்குற ஒரு சிறுமிக்கு நடக்கிற கொடுமை. மொழி தெரியாம ரசிச்சவங்க அர்த்தம் தெரிஞ்சதும் உறைஞ்சு போவாங்க. கடைசிப் பாட்டு 'அலியெனத்ஸியோனெ' முழுக்க வாத்தியம்தான், ஆல்பத்திலேயே முரட்டுத்தனமானது.

கோன்ட்ரப்புன்டி கொஞ்சம் கடினம், அதனால அதைக் கடைசியா வைங்க. தலைப்புப் பாட்டில் ரெவெர்பெரியோட பியானோவும் பல்யூக்காவோட கீபோர்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்க்குரல் கொடுத்துக்கிட்டே ஓடுது, ஆல்பம் பேரும் அதையேதான் சொல்லுது. 'லா ஃபப்ரிகாந்தெ தாஞ்ஜெலி'ன்னா தேவதைகளைச் செய்பவள். கள்ளத்தனமாக் கருக்கலைப்பு செய்யறவளுக்கு இத்தாலியில் உள்ள பழைய பேர் அது. இத்தாலியில் கருக்கலைப்புச் சட்டம் வந்தது 1978-ல். 1974-ல் இதைப் பாட்டாக்க நெஞ்சுரம் வேணும்.

1975 'ஸ்மாக்மாஜிகா'விலிருந்து கதை மாறுது. லாஸ் ஏஞ்சலஸ் போய் பதிவு செஞ்சாங்க, தோலோ மார்த்தோன்னு கிட்டார்காரர் வந்தார். அடுத்த 'வெரிதா நஸ்கோஸ்தே'வில் (1976) ஜெர்மானோ ஸெராஃபின் கிட்டார். மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா நீங்க தேடுறது இதுல இல்லை. 1979 'ஃப்ளோரியன்' தனி ரகம். மின்சார வாத்தியம் எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுட்டு வயலின், செலோ, ஹார்ப்சிகார்டுன்னு உக்காந்துட்டாங்க. வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தில் 1720-லிருந்து நடக்கிற காபிக்கடையோட பேர் அது.

எனக்குக் கேட்டா வரிசை இப்படி: உவோமோ தி பெத்ஸா, ஃபெலோனா, கொலாஜ், கோன்ட்ரப்புன்டி. 'இன் கொன்செர்த்தோ' (1974) ரோமின் பிரான்காச்சோ அரங்கில் பதிவு செஞ்ச நேரடி நிகழ்ச்சி. அதில் உள்ள 'டிரக் ஆஃப் ஃபயர்' அந்த ஸ்டுடியோ ஆல்பங்களில் கிடையாது, கீபோர்டு பிரியருக்கு விருந்து. ஆனா ஒலி கலங்கலா இருக்கும். நாலையும் கேட்டுப் பழகின பிறகு போங்க, இல்லன்னா குழுவே இப்படித்தான்னு தப்பா நினைச்சுடுவீங்க.

ரெண்டுகிரகம்:

ஃபெலோனா பத்தி. இத்தாலியன் பதிப்பையே எடுங்க. காரணம் சொல்றேன்.

மொத்தம் 9 பகுதி, 33 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. தனித்தனிப் பாட்டுன்னு நினைக்காதீங்க, ஒரே கதை. ரெண்டு கிரகம். ஃபெலோனா வெளிச்சமும் சந்தோஷமும், ஸொரோனா இருட்டும் வேதனையும். ரெண்டும் சந்திச்சதே இல்லை. படைச்சவர் பார்வை ஃபெலோனா மேலயே இருக்கு. அப்புறம் ஒளி ஸொரோனா பக்கம் திரும்புது. அங்க விடியும்போது இங்க இருள ஆரம்பிக்குது. முடிவுல ரெண்டுமே சூன்யத்துக்குப் போயிடுது. யாரோட பாவமும் காரணமாக் காட்டப்படறது இல்லை. அதுதான் இந்தக் கதையில் என்னை உலுக்குற விஷயம்.

முதல் பகுதி 'ஸொஸ்பேஸி நெல்லின்க்ரெதீபிலெ' 8 நிமிஷம் 43 விநாடி. மத்த எதுவும் இதுல பாதியைக்கூட எட்டலை. இதைக் காதுல ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. சிந்தசைசர் மிதந்து வரும், ஆர்கன் அடியில் நின்னு தாங்கும், குரல் வரும், அப்புறம் தெய் ரோஸ்ஸி டிரம்ஸைக் கட்டவிழ்த்து விடுவார். கிட்டார் இல்லையேன்னு ஒரு விநாடி கூடத் தோணாது. அதுக்கு அடுத்து 2 நிமிஷத்துக்குள்ள முடியற ரெண்டு சின்னப் பகுதி, பிறகு 'லெக்விலீப்ரியோ', அதோட வினைல் தட்டின் முதல் பக்கம் முடியுது. தட்டைத் திருப்பிப் போட்டா முதல்ல வர்றது 'ஸொரோனா'. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. போன்ல கேக்கறவங்களுக்கு இந்தத் திருப்பம் புலப்படாது. நாலாவது பகுதி முடிஞ்சதும் நிறுத்தி, ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டுத் தொடருங்க. கதை தானாப் பிடிபடும்.

கடைசி 'ரிதோர்னோ அல் நுல்லா'வில் பேச்சே இல்லை, வெறும் வாத்தியம். சூன்யத்துக்குத் திரும்புதல்னு பேர் வெச்சுட்டு அங்க யார் பாட முடியும்?

ஆங்கிலப் பதிப்பு இங்கிலாந்தில் கரிஸ்மாங்கிற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. வரிகள் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் பீட்டர் ஹாமில் எழுதினது. இத்தாலியன் வரிகளை அப்படியே மொழிபெயர்க்காம அவர் தன் போக்கில் எழுதியிருக்கார், வரிகளாப் படிக்க நல்லாவே இருக்கு. சிக்கல் பாடறதுல. தால்யாபியெத்ராவுக்கு மெல்லிய, உயரத்துல நிக்கிற குரல். இத்தாலியன் சொல் பெரும்பாலும் உயிரெழுத்துல முடியும், அதனால ஒவ்வொரு நீட்டலும் அகாரம், ஓகாரம்னு வாய் திறந்தே நிக்கும், அடியில் ஆர்கனோட கலந்துடும். ஆங்கிலத்தில் சொல் மெய்யெழுத்துல முட்டி நிக்குது, நீட்டல் பாதியில் அறுந்து போகுது. கதை புரிய ஆங்கில வரிகளை ஒரு தடவை படிச்சுட்டு, கேக்கறதுக்கு இத்தாலியனுக்கே வந்துடுங்க.

2016ன்னு போட்டது புதுசா மறுபதிவு. பழைய மூவரில் தெய் ரோஸ்ஸி மட்டும்தான் அதில் இருக்கார். தேடும்போது இதுவே முதல்ல வந்து நின்னா ஏமாந்துடாதீங்க, ஆண்டைப் பார்த்துக்கங்க.

இழுகட்டை:

வெட்டு பத்தியும் செட்டிங் பத்தியும்.

வெட்டு ஒலிப்பதிவுல இல்லை. பகுதிகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடற ஆல்பம் இது. எம்பி3 ஆக்கும்போது கோப்பு 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாத்தான் வெட்டப்படும். 44,100 ஹெர்ட்ஸில் ஒரு துண்டுக்கு சுமார் 26 மில்லிவிநாடி. கடைசித் துண்டு நிரம்பலைன்னா மௌனத்தை வெச்சு நிரப்பும், முன்னாலயும் கொஞ்சம் சேரும். அதைக் கழிச்சுட்டு வாசிக்கத் தெரியாத ஆப்பில் அந்த மௌனம் வெட்டாக் கேக்கும்.

ஃப்ளாக் (தரம் இழக்காமச் சுருக்கற வகை) கோப்பு வெச்சுக்கங்க, அதுல இந்த நிரப்பல் கிடையாது. ஆப்பில் 'கேப்லெஸ்' ஆன், 'கிராஸ்ஃபேட்' பூஜ்யம், 'ஷஃபிள்' ஆஃப். ஒலி அளவைச் சமன் செய்ற வசதி இருந்தா 'ஆல்பம்' முறையில் வைங்க. 'டிராக்' முறையில் வெச்சா மெதுவான பகுதியைத் தூக்கி, பலமான பகுதியை அமுக்கிடும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசமே போயிடும். சிடியில் எழுதறதுன்னா 'டிஸ்க் அட் ஒன்ஸ்' தேர்ந்து, பாட்டுக்கு இடையில் தானா வர்ற 2 விநாடி இடைவெளியைப் பூஜ்யம் ஆக்குங்க.

ஆர்கன் செட்டிங். உங்க கீபோர்டில் ஹாமண்ட் (பழைய மின்சார ஆர்கன்) டிராபார், அதாவது ஒலியின் நிறத்தை மாத்த இழுக்கற ஒன்பது கட்டை, இருந்தா 88 8000 000. அதாவது முதல் மூணு முழுசா வெளியே, மத்த ஆறும் உள்ளே. பெர்கஷன் (ஸ்வரத் தொடக்கத்துல வர்ற 'டிக்') ஆன், மூணாவது ஹார்மோனிக், டிகே (அது தேயற வேகம்) ஃபாஸ்ட். வைப்ரட்டோ சி-3. ஓவர்டிரைவ் கொஞ்சமே கொஞ்சம். கார்டு (பல கட்டை ஒண்ணா) பிடிச்சா ஓரம் கரகரக்கணும், அதுக்கு மேல போனா சேறாயிடும். பெருசா முழங்கற இடத்துக்கு ஒன்பதையும் வெளியே இழுங்க.

பலரும் தப்பு பண்றது வெலாசிட்டியில். நிஜ ஹாமண்டில் கட்டையை எவ்வளவு அழுத்தி அடிச்சாலும் சத்தம் ஒண்ணுதான். வெலாசிட்டியை அணைச்சுட்டு, ஏற்ற இறக்கம் எல்லாத்தையும் எக்ஸ்பிரஷன் பெடல்ல காலால பண்ணுங்க. அடுத்தது லெஸ்லி, அதாவது ஆர்கனுக்கான சுழலும் ஒலிபெருக்கி. மெதுவான சுழற்சி நிமிஷத்துக்கு சுமார் 40 சுற்று, வேகமானது சுமார் 400. மேல உள்ள கூம்பு லேசானது, சட்டுனு வேகம் பிடிச்சுடும். கீழ உள்ளது கனம், பல விநாடி எடுக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல ஏறினா போலின்னு காது கண்டுபிடிச்சுடும், அதனால ரெண்டுக்கும் நேரத்தைத் தனித்தனியா வைங்க. சுவிட்சை கார்டு விழறதுக்கு முன்னால தட்டாதீங்க. பிடிச்சுட்டுத் தட்டினாத்தான் அந்த எழும்பல் கேக்கும்.

சிந்தசைசர் லீடுக்கு மோனோ (ஒரு நேரத்துல ஒரே ஸ்வரம்) வைங்க, லேசா கிளைடு (ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்கறது) போடுங்க. மினிமூக் (பழைய சிந்தசைசர்) ரகத்தில் கீழ் ஸ்வரத்துக்குத்தான் முன்னுரிமை. கீழ்க் கட்டையிலிருந்து விரலை எடுக்காம மேல் கட்டையைத் தொட்டா அதோட சத்தமே வராது. உங்க கீபோர்டு கடைசியா அழுத்தின கட்டைக்கு முன்னுரிமை கொடுத்தா வாசிப்பு நழுவற விதமே வேற மாதிரி ஆயிடும். மெனுவில் மாத்த முடியுமான்னு பாருங்க.

தேன்சிட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃப்ளாக் போட்டதும் வெட்டு போயிடுச்சு. நாலாவது பகுதிக்கு அப்புறம் நிறுத்திக் கேட்டேன், ஸொரோனா வேற கனத்தோட விழுது.

88 8000 000 வெச்சு வேகமா ஓட்டும்போது பெர்கஷன் முதல் ஸ்வரத்துக்கு மட்டும் 'டிக்'னு வருது, அப்புறம் வரலை. கீபோர்டுல கோளாறா? இந்த நாலையும் முடிச்சா அடுத்து எங்க போகணும்?

இழுகட்டை:

கோளாறு இல்லை, ஹாமண்ட் அப்படித்தான். எல்லாக் கட்டையையும் விட்டாத்தான் பெர்கஷன் திரும்பத் தயாராகும். சேர்த்துச் சேர்த்து வாசிச்சா முதல் ஸ்வரத்தோட சரி. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 'டிக்' வேணும்னா விரலைத் தூக்கித் தூக்கி, தனித்தனியா வாசிக்கணும். முதல்ல பாதி வேகத்துல பழகுங்க. பெர்கஷன் போட்டதும் ஒன்பதாவது டிராபார் வேலை செய்யலைன்னாலும் பயப்படாதீங்க, ஹாமண்ட் பி-3 மாடலில் அதுவும் அப்படித்தான்.

கருப்புத்தட்டு:

இதே குழுவில் இன்னும் வேணும்னா 'இல் ஃபியூமே' (1996), 'எலெமெந்தி' (2001), 'லின்ஃபினிதோ' (2004). மூணும் சேர்ந்தது ஒரு முப்படலம். பல்யூக்கா அதுக்குள்ள குழுவை விட்டுப் போயிட்டார். இல் ஃபியூமேயில் அவர் இடத்துக்கு ரெண்டு கீபோர்டுகாரங்க. தால்யாபியெத்ரா சிதார் எடுக்கறதையும் இந்தக் காலத்துல கேக்கலாம்.

வெளியே போறதுன்னா, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கீபோர்டில் உக்கார்ற பான்கோ தெல் மூத்துவோ ஸொக்கோர்ஸோ. விட்டோரியோ நொச்சென்ஸி ஆர்கனும் சிந்தசைசரும், ஜியான்னி நொச்சென்ஸி பியானோ. 'தார்வின்!' (1972) எடுங்க. முதல் பாட்டே 14 நிமிஷத்துக்குக் கிட்ட. 1991-ல் வந்த தொகுப்பு ஒண்ணு முதல் ரெண்டு ஆல்பத்தையும் புதுசா வாசிச்சுப் பதிவு செஞ்சது, இங்கயும் ஆண்டைப் பார்த்தே எடுங்க. அதுக்கு அப்புறம் நேப்பிள்ஸின் இல் பல்லெத்தோ தி புரோன்ஸோ, ஆல்பம் 'ஈஸ்' (1972). ஜியான்னி லியோனெ ஒரே ஆளா ஆர்கன், மெலட்ரான் (டேப்பில் பதிஞ்ச வாத்திய ஒலியை எழுப்பற கீபோர்டு), மூக் சிந்தசைசர்னு அடுக்கியிருக்கார். தொடக்கப் பகுதியே 15 நிமிஷம், மெலடியைப் பிடிச்சுக்கிட்டு நடக்க இடமே தர மாட்டார். லெ ஓர்மேயில் காது பழகின பிறகு, ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, ஒரே மூச்சுல கேளுங்க.