எர்ரரை விழுங்கும் புரோகிராம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு நண்டு கம்பெனியில் எடைச் சீட்டு போடும், பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுதியது எனக்கு முன்னால் இருந்தவர். மாசக் கணக்கு முடிக்கிற நேரம், நாட்டுப்படகுக்காரர் ஒருவர் சீட்டை நீட்டினார். "தம்பி, பூஜ்யம் கிலோன்னு போட்டிருக்கு. வெறும் பெட்டியையா தூக்கிட்டு வந்தேன்?"

எங்கள் எலக்ட்ரானிக் தராசு எடையை எழுத்தாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். உயிர் நண்டு பெட்டிக்குள் துள்ளும்போது எண் நிலைக்காது. அப்போது எங்கள் தராசிலிருந்து எண்ணோடு வேறு குறியும் சேர்ந்து வரும். அதை ஃப்ளோட் (தசம எண்) ஆக மாற்றப்போனால், இது எண் இல்லை என்று பைத்தான் வேல்யூஎர்ரர் எழுப்பும், எழுப்பத்தான் வேண்டும். ஆனால் எர்ரர் வரக்கூடிய வரிகளை வைக்கும் ட்ரைக்குக் கீழே, எர்ரரின் பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் பிடிக்கும் வெறும் எக்ஸெப்ட், அதற்குள் எடை = 0. சத்தமே இல்லாமல் சீட்டு அச்சாகிவிடும். நிறுத்த கண்ட்ரோல் சி அழுத்தினாலும், திரும்பத் திரும்ப ஓடும் அந்த லூப் நிற்காது, ஏனென்றால் அந்த அழுத்தல் எழுப்பும் கீபோர்டுஇன்டரப்டையும் வெறும் எக்ஸெப்ட் பிடித்துக்கொள்ளும். சீட்டு போடும் அக்கா தினமும் சுவிட்சை அணைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டில் 10ஆம் எண் வரை வானிலையின் ஆபத்தைச் சொல்லும். 11ஆம் எண், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. தொடர்பு அறுந்தால் அதற்கும் ஒரு கூண்டு ஏறுகிறது. கடல் அமைதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வழியில்லை. எடை தெரியவில்லை என்பதற்கும் எங்கள் புரோகிராமில் அப்படி ஒரு இடம் இருந்திருக்க வேண்டும்.

இப்போது வேல்யூஎர்ரரை மட்டும் பெயர் சொல்லிப் பிடிக்கிறேன். தராசு அனுப்பிய வரி அப்படியே லாகில் (நடந்ததைப் பதிந்துவைக்கும் ஃபைல்) ஏறும், திரையில் சிவப்பாக "மறுபடி எடை போடவும்" வரும், எடை வராமல் சீட்டு வராது. தராசு இணைந்திருக்கும் போர்ட்டை மூடுவது, எர்ரர் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலியில். வேறு எந்த எர்ரர் வந்தாலும் புரோகிராம் நிற்கும். "அடிக்கடி நிக்குதே தம்பி" என்று ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. நின்ற இடத்தைத் தேடிப் போனால், உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன கனெக்டர்! பழைய புரோகிராம் அதையும் பூஜ்யமாகவே எழுதிவந்திருக்கிறது. லாக் இல்லாததால் விட்டுப்போன எடையை மீட்க வழியில்லை. படகுக்காரர்களின் நோட்டைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தோம்.

—

கீழக்கரைக்காரன், இப்போது துபாயில் வேலை. அண்ணே, நீங்கள் சொன்னது ராக்கெட்டிலேயே நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். அதற்கு முந்தைய ஏரியன் 4க்கு எழுதிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது இடம் கொள்ளாமல் எக்ஸெப்ஷன் (எர்ரர்) எழுந்தது, அதைப் பிடிக்க அங்கே ஆளில்லை. திசை காட்டும் கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. கொடுமை அதற்குப் பிறகுதான்: நின்ற கருவி அனுப்பிய பிழைத் தகவலை மெயின் கம்ப்யூட்டர் நிஜமான பறக்கும் அளவு என்று நம்பி ராக்கெட்டைத் திருப்பியது. கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் சிதறிவிட்டது. பிழையும் அளவும் ஒரே வழியில் வந்தால் வாங்குகிற பக்கத்துக்கு எப்படித் தெரியும்?

—

தொண்டியில் பிள்ளைகளுக்கு பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீளமாக எர்ரர் வந்ததும் மிரண்டுபோய் மொத்தத்தையும் ட்ரைக்குள் திணித்துவிடுகிறார்கள். நான் முதலில் கடைசி வரியைப் படிக்கச் சொல்வேன். எர்ரரின் பெயரும் காரணமும் அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்றிருக்கும். அந்தத் தராசு லாகில் கொஞ்சம் அனுப்ப முடியுமா அண்ணே? பயிற்சிக்குக் கொடுப்பேன். படகுக்காரர்கள் பெயரை மட்டும் அழித்துவிடுங்கள்.